கித்துள் ஏறப் போன அப்பா

இரத்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம்.

அன்பு மக ரஜனிக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க அப்பாவும் நானும் உசிரோட, கைகால் சுகத்தோட இருக்கோம். அதை மொதல்லயே சொல்லி வச்சிடுறேன், ஏன்னா கீழ எழுதியிருக்கிறதை வாசிக்கிறப்ப நீ பயந்துடுவே. ஜோர்தான்ல குளிர் தொடங்கிடுச்சுன்னு சொன்னியே, உன் சளி எப்படி இருக்கு, நெஞ்சுல கட்டாம பார்த்துக்க. போன்ல பேசுறப்ப அப்பா பக்கத்துலயே ஒக்காந்திருக்காரு, அவருக்கு முன்னால இதெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரல, அதனால தான் லாபிர் நானா மக றிஸ்லா லீவு முடிஞ்சு அங்க திரும்புறான்னு கேள்விப்பட்டதும் கொப்பியில தாள் கிழிச்சு ஒக்காந்துட்டேன். போன மாசம் அப்பாவுக்குக் காய்ச்சல், அதான் குரல் ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னேன் இல்லையா, அது பொய். அப்பாவைக் குளவி கொட்டிடுச்சு. அதுவும் கித்துள் மரத்து மேல வச்சு.

தோட்டத்து பேக்டரியை மூடினதுக்கப்புறம் அப்பா வீட்டுல சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தது உனக்குத் தெரியும். மாசி மாசம் ஒருநாள் யார்கிட்டயும் சொல்லாம புதுத் துவாய் ஒன்னும் நாப்பது வெத்தில அடுக்கின கட்டும் வாங்கிக்கிட்டு கீழ சிங்களக் கிராமத்துக்குப் போயிட்டாரு. அங்க கித்துள் பனை சீவுற லக்ஷிதவுக்கு வயசு இருபத்தொம்பது, உன்னை விட ஒரு வயசு தான் கூட. அம்பத்தி மூணு வயசு மனுசன் அவன் முன்னால குனிஞ்சு வெத்திலயைக் கொடுத்து, தொழில் சொல்லிக் கொடுங்க குருன்னான்சேன்னு கேட்டிருக்காரு. அவன் பதறிப்போய் மாமா எழும்புங்க எழும்புங்கன்னானாம். ஆனா வெத்திலயை வாங்கிக்கிட்டான். வாங்கிட்டா முடியாதுன்னு சொல்லக் கூடாதாம், அது அவங்க வழக்கம். எட்டு மாசம் மரத்துல கால் வைக்கவே விடல. மொதல்ல கத்தி தீட்டணும், அப்புறம் கயிறு திரிக்கணும், அப்புறம் எந்த மரம் உள்ளுக்குள்ள உளுத்திருக்குன்னு தட்டிப் பார்த்துச் சொல்லணும். பூவுல இருந்து பாணி காய்ச்சுற பதநீர் ஊறுறதுக்கு ஒரு மருந்து கட்டுவாங்க, அதுல என்ன சேருதுன்னு பொண்டாட்டிகிட்ட கூட சொல்ல மாட்டேன்னு விளக்குக்கு முன்னால சத்தியம் பண்ண வச்சுட்டாங்க. முப்பது வருசத்துல அவர் என்கிட்ட மறைச்ச மொத விசயம் அது தான். நோண்டி நோண்டிக் கேட்டா சிரிச்சுக்கிட்டு வெளிய போயிடுவாரு. நானும் சரி, சிரிக்கிறாரே, போகட்டும்னு விட்டேன். ஒருநாள் அவங்க வீட்டுக்குப் பூசணிக்கா கொண்டு போனேன். உள்ள கட்டில்ல லக்ஷிதவோட அப்பா படுத்திருந்தாரு. அந்தப் பக்கத்துலயே பேர் போன சீவல்காரராம், பதினோரு வருசத்துக்கு முன்னால விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. என்னைப் பார்த்து வாங்க ஒக்காருங்கன்னு நல்லா தான் பேசினாரு, நான் தான் அந்தப் போர்வைக்குள்ள அசையாம கிடந்த காலையே பார்த்துக்கிட்டு நின்னேன். அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கல மகளே. ஒங்கப்பாவோட வலது முழங்கால் படி ஏறினாலே பிசகுமே.

ஐப்பசியில மரம் ஏற விட்டாங்க. மூணாவது தடவை ஏறின அன்னைக்குக் காலைல நான் ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டு போயிருந்தேன். அப்பா உச்சியில, லக்ஷித கீழ நின்னு பார்த்துக்கிட்டு இருந்தான். மேல பாறையில இருந்த குளவிக் கூட்டைப் பருந்து அடிச்சிருக்கு. குளவி கெளம்புற சத்தம் எனக்குத் தெரியாதா, இருபத்தாறு வருசம் கொழுந்து எடுத்தவ நான். மலையில அந்தச் சத்தம் கேட்டா கூடையைப் போட்டுட்டுக் குப்புறப் படுத்துக்குவோம். மரத்து மேல இருக்கிற மனுசன் எங்க படுப்பாரு? என்னங்கன்னு கத்த வாயைத் திறந்தேன், அந்தப் பொடியன் என் வாயைப் பொத்திட்டான். அத்தே, கூப்பிடாதீங்க, கூப்பிட்டா கீழ பார்ப்பாரு, பார்த்தா கை விட்டுடும்னு காதுக்குள்ள சொல்லி என்னைத் தரையில தள்ளி உரச் சாக்கால மூடினான். அப்புறம் ஓடிப்போய் ஈர மானாப்புல்லைக் குவிச்சுப் பத்த வச்சான், அவன் கழுத்துல, காதுலயெல்லாம் கொட்டுது, அவன் நிக்கல. சாக்கு ஓட்டை வழியா எனக்கு அப்பாவோட குதிகால் ரெண்டு மட்டும் தான் தெரிஞ்சது. முதுகு முழுக்கக் கறுப்பா மொய்ச்சுக் கிடந்தது. இடுப்புக் கயிறைப் படிச்ச மாதிரியே மரத்தோட இறுக்கிக்கிட்டு, முகத்தை மட்டைக்குள்ள புதைச்சுக்கிட்டு, ஆடாம அசையாம இருந்தாரு. அந்தக் குதிகால் நடுங்கினாலும் பயமா இருக்கு, நடுங்காட்டியும் செத்துட்டாரோன்னு பயமா இருக்கு. என் சேலையைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். புகை ஏறி அதுங்க போனதுக்கப்புறம் ஒவ்வொரு அடியா எறங்கி வந்தாரு. கண்ணு ரெண்டும் வீங்கி மூடியிருந்தது. நீ கூப்பிடாம இருந்தே, அதான் எறங்கினேன்னு சொல்லிட்டு அப்படியே சரிஞ்சாரு. த்ரீவீல்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், முப்பத்தேழு கொட்டு. மூணு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. நீ அங்க இருந்து ஓடி வர முடியாது, கேட்டா வேலையில கை ஓடாது, அதனால தான் காய்ச்சல்னு சொன்னேன், என்னைக் கோவிச்சுக்காத.

இதோட விட்டுடுவாருன்னு நெனைச்சேன். லக்ஷிதவோட அப்பா என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினாரு. போனேன். படிப்பு முடிஞ்சுதுன்னு சீடனுக்குக் கத்தி கொடுக்கிற சடங்கு இருக்கு, எங்க வீட்டுல அதைக் குரு கொடுக்கிறதில்ல, சீடனோட பொண்டாட்டி கையால தான் கொடுக்கணும், நான் விழுந்த அன்னைக்கு என் பொண்டாட்டி போகாதீங்கன்னு சொன்னா, கேக்காம போனேன், அதுக்கப்புறம் இப்படி ஒரு வழக்கம் வச்சோம்னாரு. நீங்க கொடுக்காட்டி யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, கத்தி திரும்பி வந்துடும், உங்க வீட்டுக்காரர் சண்டையும் புடிக்கக் கூடாதுன்னாரு. வேணாம்னு சொல்ற அதிகாரத்தை என் கையில கொடுத்துட்டாங்களே, அது அவர் மரம் ஏறுறதை விடப் பயம் ரஜனி. பதினஞ்சு நாள் அப்பா என்கிட்ட இதைப் பத்தி ஒரு சொல் பேசல. கெஞ்சியிருந்தா, கத்தியிருந்தா, முடியாதுன்னு சொல்லியிருப்பேன். கடைசியில நானே தான் கேட்டேன், அந்த மரத்து மேல என்ன தான் இருக்குன்னு. அங்க என்னை யாரும் ஏசுறதில்ல கிருஷ்ணம்மான்னாரு. கங்காணி, ஆபிஸர், பெரிய தொரை, எல்லாரும் ஏசின ஏச்சு தான் இந்த முப்பது வருசமும்.

போன வெள்ளிக்கிழமை காலைல மரத்தடியில விளக்கு வச்சாங்க, பால்சோறு வச்சாங்க. லக்ஷிதவோட அப்பாவைக் கதிரையோட தூக்கிக்கிட்டு வந்து ஒக்கார வச்சாங்க. லக்ஷித கத்தியை என் ரெண்டு கையிலயும் வச்சான். சின்னக் கத்தி தான், எனக்குக் கை தாங்கல. அப்பா தலை குனிஞ்சு நிக்கிறாரு. எனக்கு அவர் முதுகுல இருந்த கறுப்பு தான் கண்ணுல வந்தது. எல்லாருக்கும் முன்னால சொன்னேன், ஏறுறப்ப நான் கூப்பிட மாட்டேன், ஆனா எறங்கினதும் நீங்க நம்ம லயத்து வீட்டுக்குக் கேக்கிற மாதிரி ஒரு கூப்பாடு போடணும், காலைலயும் சாயந்தரமும், ஒருநாள் தவறினாலும் கத்தியை வாங்கிடுவேன்னு. கதிரையில இருந்த மனுசன் கண்ணைத் துடைச்சாரு. அப்பா சரின்னாரு. கொடுத்துட்டேன். சரியா தப்பா எனக்குத் தெரியல.

இப்ப அஞ்சேகால் ஆகுது. அப்பா நாலரைக்குப் போனாரு, இன்னும் சத்தம் வரல. பாறைப் பக்கம் மப்பா இருக்கு, மழை விழுந்தா மட்டை வழுக்கும். எழுதுறதை நிறுத்தினா வாசல்ல போய் நிப்பேன், அதனால எழுதிக்கிட்டே இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடு. தையல் மெஷின்ல ஒக்காந்து முதுகு வலிச்சா தைலம் தேய், றிஸ்லாகிட்ட ரெண்டு போத்தல் கொடுத்து விடுறேன். உனக்கு இது தெரியும்னு அப்பாகிட்ட காட்டிக்காத, போன்ல அவர் குரல் சிரிச்சா நீயும் சிரி, அதை மறந்துடாத. முத்துமாரியம்மன் உன்னை நோய் நொடி அண்டாம வச்சிருக்கட்டும், போன எடத்துல நல்ல மனுசங்களா உனக்குக் கிடைக்கட்டும். அஞ்சரை ஆகப் போகுது. இன்னும் காணோம். நாய் கூட வாசல்ல போய் நிக்குது. அம்மா தாயே.

இரு மகளே. கேக்குது. அவர் தான். எறங்கிட்டாரு.

உன் அம்மா,
மா. கிருஷ்ணம்மா