ஆறு கிலோமீட்டர் தேநீர்

மார்ச் 3
வீட்டு முன் சந்தியில் சமிக்ஞை விளக்கு வந்து இரண்டு வாரம். தோட்டத்துச் சாலைக்கு நான்கு நிமிடச் சிவப்பு. வராத வண்டிகளுக்குப் பச்சை. காலையில் செம்பனைக் குலை ஏற்றிய ஏழு லோரிகள் இயந்திரத்தை அணைக்காமல் நின்றன. எதிரே அப்பளசாமி கடையில் தேநீரே டீசல் மணத்தது. எனக்குச் சீனி குறைவு, கேட்க வேண்டியதில்லை.

"ரோடு ஆபீசுக்கு எழுதிப் போடுங்க சார். மலாய் வாத்தியாரா இருந்தவருதானே" என்றான் அப்பளசாமி.

மார்ச் 5
எழுதினேன். நல்ல அரசாங்க மலாயில், சிரிக்காமல். சந்தியையே அடைத்துவிடலாம்; அவரவர் ஜெராம் பக்கம் மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பி வரட்டும்; நின்று எரியும் எண்ணெய் ஓடி எரியட்டும். அனுப்பிவிட்டுத் தனியே சிரித்தேன்.

மார்ச் 27
நன்றிக் கடிதம். "ஆக்ககரமான யோசனை." அதிகாரிகளுக்கும் நகைச்சுவை உண்டு போலும்.

ஜூன் 9
நகைச்சுவை இல்லை. சாலை நடுவே இடுப்பளவு கான்கிரீட் தடுப்பு. வாழ்நாளில் முதன்முறையாக ஒருவர் நான் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் படித்திருக்கிறார்.

ஜூன் 10
முழங்காலுக்கு எழுபது வயது, தடுப்பு ஏறாது. காரில் போனேன். நேற்றுவரை நாற்பது அடி. இன்று ஆறு கிலோமீட்டர். திருப்பத்தில் அதே லோரிகள் வரிசையாக, அதே டீசல். கடையில் அப்பளசாமி, அவன் மனைவி கங்கா, நான் மட்டும்.

"யாரு சார் குடுத்த ஐடியா இது? மூளையே இல்லலா அவனுக்கு?" என்றான் அப்பளசாமி.

டீயை ஊதினேன்.

ஜூலை 2
சொல்லவில்லை.

ஜூலை 21
தினமும் போகிறேன், இரண்டு டீ குடிக்கிறேன். பரிகாரத்துக்கும் பெட்ரோல் தேவைப்படுகிறது. இம்மாதத்தோடு கடையை மூடிவிட்டுச் சுங்கை பெசாருக்குப் போகிறார்களாம், மச்சான் கடையில் நிற்க. நான் என்னத்த பண்ணி வச்சிருக்கேன்? சொல்லிடணும். நாளைக்கே.

ஜூலை 30
இன்றுதான் சொன்னேன். அவன் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். ரோடு நோட்டீஸ்லயே உங்க பேரு போட்டு நன்றி சொல்லியிருக்கான். ஒட்டுன அன்னைக்கே கங்கா படிச்சுக் காட்டுனா."

"அப்புறம் ஏன் கேட்டே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். அம்பது நாளு சார்."

ஆகஸ்ட் 5
தடுப்பை எடுக்கச் சொல்லி எழுதினேன். கிண்டல் ஒரு வரிகூட இல்லை.

ஆகஸ்ட் 24
கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. சுங்கை பெசார் போனேன். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அப்பளசாமி "வாங்க சார்" என்றான், டீ வைத்தான், அடுத்த மேசைக்குப் போனான்.

எல்லாருக்கும் போடும் அளவு சீனி. குடித்தேன்.