தைக்காமல் விட்ட ஒரு சாண்

அன்பு மகளுக்கு,

உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னது பொய். தங்கையின் கல்யாண வாரம் முழுக்க நீ லீவு கேட்டு எழுதிக் கொடுத்து, அது உனக்குக் கிடைத்தும் விட்டது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் உன்னோடு அறையில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அந்த வாரம் நீ அலமாரிக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறாய் என்றும் டப்பாகூட வாங்கி வைத்துவிட்டாய் என்றும் உளறிவிட்டாள். தங்கை கல்யாணத்தன்று அலமாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற அக்காவை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

திட்டியாகிவிட்டது, இனி முறையாக விசாரிக்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலை முடிந்து பத்திரமாக அறைக்குத் திரும்பிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். மேல் வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகித் தையல் கடையின் சுவர் ஒரு பக்கம் ஊறிப் போயிருக்கிறது, துணிகளையெல்லாம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டேன், கடைக்குள் பக்கவாட்டில்தான் நடக்க முடிகிறது. உன் அப்பா பள்ளிக்கூட வேனை ஓட்டி ஓட்டி முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறார், ஆனால் நான் இப்போது அவருக்குத் தைலம் தேய்ப்பதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அவர்தான் உனக்குப் போன் செய்து, "கொஞ்சம் யோசிச்சுக்கோம்மா, அந்த வீட்டுல ஒரு மாதிரி நினைக்கிறாங்க" என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் சொல்லியிருக்கிறார். தெரிந்த நாளிலிருந்து சாப்பாடு மேசையில் இருக்கிறது என்பதைத் தவிர அவரிடம் வேறு பேச்சில்லை. அவர் கெட்டவர் இல்லை, யாருக்கும் மனம் கோணக்கூடாது என்று நினைக்கிற மனிதர். அப்படிப்பட்டவர்கள் கடைசியில் எப்போதும் சொந்தப் பிள்ளையைத்தான் நகர்ந்து நிற்கச் சொல்வார்கள்.

அப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார், முழுதையும் நான் சொல்கிறேன். கல்யாண கவுனை முழுதாகத் தைத்து முடிக்கக்கூடாது, ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்துக் கல்யாணத்தன்று காலையில் பெண் அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் கடைசித் தையலைப் போட வேண்டும் என்கிற வழக்கம் உனக்குத் தெரியும், என் கடையில் நீ வளர்ந்தவள். அந்தத் தையலை ராசியான கை போட வேண்டும் என்கிறார்கள். யார் போடுவது என்று பேச்சு வந்தபோது உன் தங்கை யோசிக்காமல் அக்கா என்று சொன்னாள். சம்பந்தியம்மா முகம் மாறிவிட்டது. புருஷனை விட்டு வந்தவள் ஊசியைத் தொட்டால் கல்யாணமும் அப்படியே பிரியும் என்று அவர் நேராகச் சொல்லவில்லை, பெரியவங்க பார்த்து ஏதாவது செய்வாங்க என்று இழுத்தார். பிறகு தன் அண்ணன் மனைவியைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் அந்த அம்மாவுக்குக் கைராசி அத்தை என்றுதான் பெயர். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஒரு நாள்கூடப் புருஷனைப் பிரிந்ததில்லையாம், அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் கடைசித் தையல் அவர் கைதானாம்.

நான் சம்பந்தியம்மாவிடம் சண்டைக்குத்தான் போனேன். நீங்கள் மாப்பிள்ளையின் அம்மா, நீங்களே போடுங்களேன் என்று கேட்டேன், வேண்டுமென்றே கேட்டேன். அந்த அம்மா ரொட்டிக் கடையில் மாவு பிசைந்து ஒற்றை ஆளாகப் பையனை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கியவர், பையனுக்கு மீசை முளைக்கும் முன்பே புருஷனைப் பறிகொடுத்தவர். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நானும் தொட மாட்டேன் சம்பந்தி, என் கையும் ராசியில்லாத கை. நான் பின்னாடி வரிசையில நின்னுக்குவேன்" என்றார். பெற்ற பையன் கல்யாணத்தில் பின் வரிசை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம்கூட இல்லை, ரொட்டி எந்தத் தட்டில் வைப்பது என்று சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் இஸ்திரிப் பெட்டியைப் படாரென்று வைத்தேன், மேசைத் துணி பொசுங்கியதுதான் மிச்சம்.

இத்தனை காலம் மணப்பெண்களுக்குத் தைக்கிறேன், ஒவ்வொருத்தியும் ஒரு ராசியைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குள் வருகிறாள். மாப்பிள்ளை உடையை முன்னாலேயே பார்க்கக் கூடாது, முத்து வைத்தால் கண்ணீர், முழு அலங்காரத்தோடு கண்ணாடி பார்க்கக் கூடாது, ஒரு செருப்பையாவது கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், செருப்புக்குள் ஒரு நாணயம் வைக்க வேண்டும். உனக்கும் வைத்தோம், உன் குதிகாலில் கொப்புளம் வந்தது, வேறெதுவும் வரவில்லை. இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஊசி கோக்கும்போது யோசிப்பேன். முகத்திரை கெட்ட கண்ணிலிருந்து காப்பாற்ற என்கிறார்கள், பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்தில் அவள் தலையில் போர்த்திய துணி அது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தோழிப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்துவது கெட்ட ஆவிக்கு மணப்பெண் யாரென்று தெரியாமல் குழம்பத்தானாம். என் அனுபவத்தில் கெட்ட ஆவி தனியாக வருவதில்லை, சில சமயம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளையாகவே வந்துவிடுகிறது. பெண்ணைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டுவது அவள் கால் தடுக்கினால் அபசகுனம் என்பதற்காக என்கிறார்கள். நான் நினைப்பது வேறு. தானாக நடந்து உள்ளே வந்தவளுக்குத் தானாக நடந்து வெளியே போகவும் வழி தெரிந்திருக்கும்.

ஆனாலும் நான் இவற்றை முழுக்கச் சிரித்து ஒதுக்கிவிட மாட்டேன். பெண் ஒரு வண்டியில் ஏறிப் போனால் அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியவே மாதக்கணக்கில் ஆன காலம் இருந்திருக்கும். முதல் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். அப்போது பெற்றவள் என்ன செய்வாள், கைக்கு அகப்பட்டதையெல்லாம் பெண்ணோடு சேர்த்துக் கட்டி அனுப்புவாள், ஒரு நாணயம், ஒரு பிடி தானியம், ஒரு நூல். எனக்கு இந்த வழக்கங்களில் தெரிவது அந்தப் பயந்துபோன அம்மாக்கள்தான். கடைசித் தையல் விஷயத்தில் எனக்கே ஒரு எண்ணம் உண்டு, யாரும் சொல்லித் தந்ததில்லை. உடை முடிந்துவிட்டால் பெண் கிளம்பிவிடுவாள். முடிக்காமல் ஒரு சாண் விட்டுவைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் அவள் காலடியில் உட்கார்ந்திருக்கலாம் இல்லையா. அது பெற்றவளின் தந்திரம். ராசியான கை, ராசியில்லாத கை என்று அதில் ஒட்டுப் போட்டவர்கள் பின்னால் வந்தவர்கள், அந்த ஒட்டைப் பார்த்தாலே வேறு நூல் என்று எனக்குத் தெரிகிறது. உன் கவுனுக்கும் ஒரு ராசிக்காரிதான் கடைசித் தையல் போட்டாள், புருஷனை ஒரு நாளும் பிரியாமல் வாழ்கிறவள் என்று தேடிப் பிடித்துக் கூட்டி வந்தோம். அப்புறம் நீ ஒரு மழை நாளில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு நம் வாசலில் வந்து நின்றாய்.

இனி நான் எழுதப் போவதை உன்னோடு வைத்துக்கொள், தங்கைக்குக்கூடத் தெரியாது. போன வாரம் கைராசி அத்தை தனக்கு உடை தைக்க அளவு கொடுக்க வந்தார். இந்த வெயிலில் கை மணிக்கட்டு வரைக்கும் வேண்டும், கழுத்து மூடியிருக்க வேண்டும் என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது, இந்த மாதிரி அளவை நான் இதற்கு முன்பும் தைத்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் நிற்க வைத்து, டேப்பை வைக்க அவர் சட்டைக் கையை லேசாக மேலே தள்ளினேன். நீ தினமும் எத்தனையோ கைகளைப் பார்க்கிறவள், அந்தக் கை எப்படி இருந்தது என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய மஞ்சளும் புது நீலமும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் அளவைக் குறித்துக்கொண்டிருக்கும்போது உன்னைப் பற்றிக் கேட்டார். பெரிய பெண் தூரத்தில் தனியாக இருக்கிறாளாமே, ராத்திரியில் பயமில்லையா என்றார். கூட ஒரு பெண் இருக்கிறாள், கதவைத் தாழ் போட்டுவிட்டு நன்றாகத் தூங்குகிறாள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைப் பார்த்தபடி, "நல்லா தூங்குறாளா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்து இருங்கள், பின் அறை காலியாகத்தான் இருக்கிறது என்றேன். சிரித்தார். இந்த வயதில் எங்கே போவது, போனால் அந்தக் குடும்பத்தில் கடைசித் தையல் போட யார் இருக்கிறார்கள் என்று கேலியாகவே சொன்னார். அந்தப் பெயர் ஒன்றுதான் அந்த வீட்டில் தனக்கென்று இருக்கிறது என்று அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. உடையைச் சரி செய்துகொண்டு கிளம்பும்போது திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊசிய உங்க பெரிய பொண்ணு கையில குடுங்க. நான் தைச்சா இந்தப் பொண்ணும் என்னை மாதிரி இருந்துடுவா, அதுக்கா ஆசைப்படுறீங்க? அன்னிக்குக் காலைல எனக்குக் கை சுளுக்கிடுச்சுன்னு சொல்லிடுறேன். என் கை சுளுக்குறது ஒண்ணும் புதுசில்ல, எல்லாரும் நம்புவாங்க" என்றார். போகிற போக்கில் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார், வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தார்.

இப்போது சொல், யார் ராசிக்காரி. அடி வாங்கிக்கொண்டே இருப்பவளா, ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தும் பின் வரிசையில் நிற்பவளா, தப்பித்து வந்து தன் சம்பளத்தில் தன் கதவைத் தாழ் போட்டுத் தூங்குகிறவளா? ஊர் இந்த மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி எல்லாவற்றையும் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறது, நாமும் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே பார்த்துப் பழகிவிட்டோம். நீ வராமல் இருந்தால் அவர்களுக்கு உன் மேல் கோபம் வராது, அப்பாவுக்கு நிம்மதி, மண்டபத்தில் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஆனால் அந்த அம்மா எல்லோர் முன்னாலும் சுளுக்கு என்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஊசியை வாங்க அங்கே ஆள் இல்லையென்றால் என்ன ஆகும்? பரவாயில்லை அண்ணி, வலியோடே ஒரு தையல் போட்டுவிடுங்கள் என்பார்கள். போட வைத்துவிடுவார்கள். வலியோடு செய்வது அவருக்குப் பழக்கம் என்று அந்த வீட்டுக்குத் தெரியும்.

உன் தங்கைக்கு இந்தக் கதை தெரியாவிட்டாலும் அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும். "அக்கா வரலைன்னா ஓரம் அப்படியே தொங்கட்டும், தடுக்கி விழுந்தா விழறேன்" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை நல்ல பையன்தான், லிஃப்ட்டே தடுக்கி நிற்கும்போது சரி செய்கிறேன், கவுன் தடுக்கினால் பிடிக்க மாட்டேனா என்று சிரிக்கிறான். அவனும் ஒரு வார்த்தை தன் அம்மாவிடம் பேசியிருக்கலாம், பேசவில்லை. சிரிப்பது சுலபம். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கவுன் முடிந்துவிட்டது. இடது பக்க ஓரத்தில் ஒரு சாண் மட்டும் விட்டிருக்கிறேன், நூல் கோத்த ஊசியை அங்கேயே குத்தி வைத்திருக்கிறேன். நீ கூட்டத்துக்குப் பயப்படுகிறவள் என்று எனக்குத் தெரியும், யாரோடும் பேச வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், நேராக வந்து தங்கை காலடியில் உட்கார், நான் பக்கத்தில் நிற்பேன். தினமும் முன்பின் தெரியாதவர்கள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளுக்கு ஒரு துணியில் ஊசி குத்துவது பெரிய காரியமில்லை. சம்பந்தியம்மாவையும் முன் வரிசையிலிருந்து நகர விடப்போவதில்லை, அதற்கு நான் பொறுப்பு, சண்டை வந்தால் வரட்டும்.

உன் கதவுத் தாழ் எப்போதும் உறுதியாக இருக்கட்டும், உன் தூக்கம் யாராலும் கலையாமல் இருக்கட்டும், உன் கை தொட்டது எதுவும் தலை குனியாமல் இருக்கட்டும். இதற்கு மேல் ஒரு தாய் எதை வாழ்த்துவாள் என்று எனக்குத் தெரியவில்லை. மறக்காமல் மூடிய செருப்பு எடுத்து வா, இரண்டும் ஒரே ஜோடியா என்று பார்த்து எடுத்து வா. பெயிண்ட் டப்பாவை இறுக்கி மூடி வை, திரும்பிப் போய் அடித்துக்கொள்ளலாம்.

ஊசியைக் குத்திவைத்துவிட்டுக் காத்திருக்கும்
உன் அம்மா

எந்த வண்டியில் வருகிறாய், எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறாய்? அதை மட்டும் எழுது. வேறெதுவும் எழுதாதே.