நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

மேற்குத் தாம்பரம்
1973 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிஷம்.
மொத்தம் 412. மீட்டது 400. மீதி 12.

அன்புள்ள யூனிஸுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் உடம்பு ஒன்றும் கெடாமல் இருக்கிறோம், ஹைதராபாத்தில் நீயும் அப்படி இருக்க வேண்டும் என்றுதான் காலையில் ஜெபம் பண்ணினோம். மனசும் சுகம் என்று எழுதமாட்டேன், அது பொய். வெள்ளிக்கிழமை நான் அடித்த தந்தியைப் பார்த்து நீ பயந்திருப்பாய். டைப் அடித்த தாள்களை யாரிடமும் கொடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டேன், அதற்கு மேல் தந்தியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் ஆய்வேட்டுக்குத்தான் ஆகியிருக்கிறது, செய்தவன் நான். பின்னிணைப்பில் நீ எழுதி அனுப்பிய நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களையும் நான் திருத்திவிட்டேன். ஒன்றுகூட விடவில்லை. இப்போது அந்தத் தாள்களில் ஒரு தப்பும் கிடையாது. மாணவர்கள் செய்யும் தப்புகளைப் பற்றி நீ இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியதற்குப் பின்னால் சுத்தமான ஆங்கிலமாக முப்பத்தெட்டுப் பக்கம் நிற்கிறது.

எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், இடையில் கோபம் வந்தால் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அப்புறம் படி. உன் கையெழுத்துப் பிரதி பத்தாம் தேதி வந்தது. அன்றைக்கே சானடோரியத்தில் தேவானந்தத்தின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் அவனே சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிட்டான். பத்து வரிக்கு மேல் விரல் ஓடவில்லையாம். இன்னா சார், பொண்ணு எம்.ஏ. இங்கிலீஷுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தீங்க, இப்படி நம்ம லோயர் டைப்பிங் பசங்க கூட எழுதமாட்டானுங்களே சார், எதுக்கும் ஒரு தபா நீங்க பாத்துடுங்க, நான் இப்படியே அடிச்சுக் குடுத்தா என் பேரும் சேர்ந்து கெடும் என்றான். வாங்கிப் பார்த்தேன். முதல் வரியே ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ். உனக்குச் சகோதரியே கிடையாது. அதையாவது யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை எரிந்தது. கணக்கோ பிசிக்ஸோ எடு என்றேன், கேட்காமல் இலக்கணம் என்றாய், ஆறாம் வகுப்பில் முடித்த இலக்கணத்தைப் பல்கலைக்கழகத்தில் போய் என்ன படிப்பது என்று அன்றைக்கே கேட்டேன், இப்போது அதுவும் வரவில்லையா என்று நினைத்தேன். ஒரு தந்தி அடித்து உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் நீ என்ன பதில் சொல்லிவிடுவாயோ என்று இருந்தது. அம்மாவிடமும் காட்டவில்லை, டைப்புக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ரயில் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு என்று உனக்குத் தெரியும், பழுது எழுதிய வண்டி சார்ஜ்மேன் கையெழுத்து இல்லாமல் லைனுக்குப் போகாது. அதே புத்திதான். சனி ராத்திரியும் ஞாயிறும் நான் ஒருவனே உட்கார்ந்து நீலமசியில் அடித்து மேலே எழுதினேன், ரொம்ப மோசமாக இருந்த இடங்களில் அடித்தது கூடத் தெரியக்கூடாது என்று பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு எழுதினேன். என் ஆங்கிலத்துக்கு எட்டாத இடங்களைத் தேவானந்தம் சரி செய்தான். செவ்வாயும், பதினைந்தாம் தேதி விடுமுறையில் முழுநாளும் அடித்து முடித்தான். வியாழன் காலை முதல் ஆளாகப் போய் ரிஜிஸ்டர் பார்சல் போட்டுவிட்டு, மகள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஷெட்டில் போய் இரண்டு டீ குடித்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்து மேஜைமேல் இருந்த கார்பன் நகலைப் புரட்டினாள். கொஞ்சநேரம் படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, இதுல தப்பெல்லாம் எங்கேங்க போச்சு என்று கேட்டாள். எல்லாம் எடுத்தாச்சு என்றேன், பெருமையாகவே சொன்னேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். போன கோடை விடுமுறையில் செம்பாக்கம் ரத்தினபாய் டீச்சர் தன் பி.யு.சி. மாணவர்களின் பழைய விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாளே, நீயும் அம்மாவும் ஒரு மாதம் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுதினீர்களே, நான்கூட டீச்சருக்குப் பேப்பர் திருத்திக் கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேனே, அதுதான் இது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்ன செய்கிறாய் என்று ஒருநாளும் நான் உன்னைக் கேட்டதில்லை. அப்புறம் பிரதியைப் பற்றி நீ எழுதிய இன்லண்ட் கடிதத்தைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். நான் எந்தக் கடிதத்தையும் விரலை விட்டுக் கிழிப்பவன், ஓர மடிப்பு கிழிந்து தனியாகப் போயிருந்தது. அதைக் குப்பைக்கூடையில் தேடி எடுத்தாள். தப்புகளை உள்ளது உள்ளபடியே அடிக்க வேண்டும், ஒரு எழுத்தும் மாறக்கூடாது என்று நீ அதில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தபாலாபீஸ் திறக்கும் முன்னால் போய் நின்றேன். பார்சலைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். கவுண்டரில் சவுரிமுத்து, நம் கத்தோலிக்கக் கோயில் தெருவில் இருப்பவன்தான், சிரித்துவிட்டான். நேத்தே பை கட்டி சீல் வெச்சு ரயில் ஏறிடுச்சு சார், இந்நேரம் ஆந்திராவுல கீது, நிறுத்துன்னா நிறுத்தறதுக்கு அது இன்னா உன் ஷெட்டு வண்டியா என்றான். அங்கேயே உனக்குத் தந்தி அடித்துவிட்டு வந்தேன். உன் கையெழுத்துப் பிரதி என்னிடமே இருந்தது ஒன்றுதான் நல்லது. அம்மாவும் நானும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மசியால் அடித்தவை 371, அத்தனையும் படிக்க முடிந்தது. சுரண்டியவை 41. அவற்றுக்காக நேற்றுச் செம்பாக்கத்துக்கு நடந்தே போனேன், பஸ்ஸுக்கு நிற்கப் பொறுக்கவில்லை. ரத்தினபாய் டீச்சர் கட்டிலடியிலிருந்து இரண்டு கட்டுகளை இழுத்துப் போட்டாள். மூன்றாவது கட்டைப் போன மாதம் வீடு ஒழித்தபோது பெருங்களத்தூர் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டாளாம். உங்களுக்குத் தப்பைப் பார்த்தா கை சும்மா இருக்காதா ஐசக், எனக்கு நாற்பது வருஷம் கொடுத்த சம்பளமே அதுக்குத்தான், நானே தொடாம வெச்சிருந்தேனே என்று ஒரு போடு போட்டாள். வாங்கிக்கொண்டேன். இரண்டு கட்டிலும் தேடி 29 கிடைத்தது. மீதி 12.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நேற்றுத் தேவானந்தம் வந்து, பன்னண்டுதானே சார், விடுங்க, நானே நல்லா கொழகொழன்னு பன்னண்டு தப்பு போட்டுத் தரேன், எவனுக்குத் தெரியும் என்றான். வேண்டாம் என்று உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான், சொல்லவில்லை. பேனாவை எடுத்து மூன்று எழுதியும் பார்த்தேன். அம்மா வாங்கிப் படித்தாள். அந்தப் பிள்ளைங்க எதையோ சொல்ல வந்து தப்பு பண்ணியிருக்காங்க, நீங்க தப்பு பண்றதுக்குன்னே பண்ணியிருக்கீங்க, ரெண்டும் ஒன்னு இல்லைங்க, யூனிஸ் ஒரே பார்வையில கண்டுபிடிச்சுடுவா என்றாள். கிழித்துப் போட்டேன். அவள் சொன்ன பிறகுதான் மீட்ட தாள்களை ஒழுங்காகப் பார்த்தேன். பதினேழு பிள்ளைகள், ஒருவர் பேப்பரை ஒருவர் பார்த்திருக்க முடியாது, வேறு வேறு வருஷம், பதினேழு பேரும் வாக்கியத்தின் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தடுமாறியிருக்கிறார்கள். ஷெட்டில் பதினேழு வண்டியில் ஒரே இடத்தில் ஒரே பழுது வந்தால் நாங்கள் டிரைவரைத் திட்டுவதில்லை, சர்க்யூட் படத்தை எடுத்துப் பிரிப்போம். நீ அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய். நமக்குள் ஏற்கெனவே ஓடும் தமிழ் எங்கே வந்து ஆங்கிலத்தோடு மோதுகிறது என்று பார்க்கிறாய். நான் முட்டாள்தனம் என்று சொன்ன படிப்பு என் வேலையேதான், எனக்கு இது புரிய உன் இரண்டு வருஷத்தை நாசம் பண்ண வேண்டியிருந்தது. இன்னொன்று, அந்தப் பதினேழில் உள்ள தப்பை நான் பதினெட்டு வருஷமாக ஷெட் ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை நான் திருத்தவே இல்லை, எனக்குத் தப்பு என்று தெரியாததால் உன் பிரதியில் அப்படியே விட்டுவிட்டேன், தேவானந்தம்தான் பிடித்து மசியால் அடித்தான்.

ஆக நிலைமை இதுதான். முப்பத்தொன்றாம் தேதிக்குள் நீ கொடுக்க வேண்டும். கட்டுரையில் 412 என்று வரும் இடமெல்லாம் 400 ஆக வேண்டும், உன் சதவீதக் கணக்கு அத்தனையும் மாறும். அம்மா சொல்கிறாள், சுரண்டியவைதான் உனக்கு ரொம்ப முக்கியமானவையாக இருக்குமாம், நீளமான வாக்கியங்கள் எல்லாம் அதில்தான் இருந்தனவாம். எனக்கு மோசமாகத் தெரிந்தவைதானே அவை. பன்னிரண்டு இல்லாமல் உன் மூன்றாம் அதிகாரம் நிற்குமா என்று எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் தள்ளிப் போட வேண்டியிருந்தால் தள்ளிப் போடு, அதற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம், நான் கண்டிப்பாகச் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள், உங்கள் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் என்று வாரம் ஒருமுறை மதில்மேல் எட்டிக் கேட்கிறாள், அவளுக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். சிட்லபாக்கம் ஏரி இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது, கிணற்றில் இரண்டு ஆள் தண்ணீர், மழை வந்தால் எழுதுகிறேன். உனக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா என்று அம்மா கேட்கிறாள். ஹாஸ்டலில் சோறு பிடிக்காவிட்டால் ரொட்டியாவது வயிறு நிறையச் சாப்பிடு, கணக்கை மாற்றப் போகிறேன் என்று கண்விழிக்காதே. நான் வரும்வரை உன் கைடிடம் ஒன்றும் சொல்லாதே, இதை நீ சொல்லி உன்மேல் பழி விழக்கூடாது. கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். அம்மாவின் முத்தம். இன்றைக்கு ஆராதனைக்கும் போகவில்லை, என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அடுத்த அடி என்ன என்று எழுதி வைத்தால்தான் கால் நிற்கும். ஆகவே:

1. நாளை காலை ஆறு மணிக்குத் தேவானந்தம் மறுபடி அடிக்க ஆரம்பிக்கிறான். அம்மா வரிவரியாக ஒப்பிடுவாள். நான் அந்த அறைக்குள் போகமாட்டேன், பேனாவைத் தொடமாட்டேன்.

2. நாளை டியூட்டி முடிந்து பெருங்களத்தூர் பேப்பர்க் கடையில் மூன்றாவது கட்டைத் தேடுவேன். செவ்வாய் சாயங்காலம்வரைதான். கிடைக்காவிட்டால் பன்னிரண்டும் போனது போனதுதான், எதுவும் சொந்தமாகச் சேர்க்கமாட்டேன்.

3. தபாலை இனி நம்பவில்லை. வியாழக்கிழமை சென்ட்ரலில் ரயில் ஏறி வெள்ளிக்கிழமை உன் ஹாஸ்டல் வாசலில் தாள்களோடு நிற்பேன். கிடைக்காத வாக்கியங்களின் எண்களைத் தனித்தாளில் எழுதிக் கொண்டுவருவேன்.

4. அன்றைக்கே உன் கைடைப் பார்த்து, சுரண்டியது நான், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொல்வேன். அவர் என்ன கேட்டாலும் நானே பதில் சொல்வேன். நீ கூட வர வேண்டும் என்பதில்லை. வந்தால் பக்கத்தில் நில், நடுவில் என்னைத் திருத்தாதே.

உன் அப்பா,
ஐசக்