மூலையில் என் நம்பர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். என் போன் ஏன் அணைந்தே கிடக்கிறது என்று பயந்திருப்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அச்சுக்கடையிலிருந்து எந்த போர்டு போனாலும் மூலையில் பொடி எழுத்தில் என் நம்பர்தான் இருக்கும், முதலாளிக்கு போன் எடுக்க அலுப்பு. போன வாரம் துணிக்கடைக்கு ஒரு போர்டு, இடம் பற்றவில்லை, "கிறிஸ்துமஸ்னு முழுசா எதுக்கு, எக்ஸ்மஸ்னு போட்டு முடி" என்றார் முதலாளி. போட்டேன். மறுநாளிலிருந்து முகம் தெரியாதவன் எல்லாம் போனில் கூப்பிட்டு, கிறிஸ்துவையே அடித்துவிட்டு எக்ஸ் போட்டாயா என்று வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். சபைச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "சர்ச் வீட்டுல இருந்துக்கிட்டே ஆண்டவர் பேரை வெட்டுறியாம்மா" என்றார். அந்த சர்ச் கேட்டைக் காவல் காக்கிற உன் அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார்.

போதகரிடம் போனேன். அறைக்கதவைச் சாத்திவிட்டு, "அது வெட்டினது இல்லம்மா, கிரேக்கத்துல கிறிஸ்துங்கிற பேரோட முதல் எழுத்தே அப்படித்தான் இருக்கும், பக்தியுள்ளவங்களே பல நூறு வருஷமா எழுதியிருக்காங்க. வியாபாரிங்க வேலைன்னு சொல்றவங்களும் உண்டு, அது தீராத சண்டை" என்றார். இதை ஞாயிறன்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் ஐயா என்றேன், கமிட்டி தேர்தல் முடியட்டும் என்கிறார். கதவைச் சாத்தினால்தான் அவருக்கு உண்மை வாயில் வருகிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் எழுந்து பதில் சொல்ல வேண்டுமாம், செயலாளர் உத்தரவு. முதலாளி சொல்லித்தான் போட்டேன் என்றால் வேலை போகும், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. "உன் தப்புன்னு சொல்லிடேன், வாய் வலிக்கவா போகுது" என்கிறார் முதலாளி. என் தப்பு என்றால் அப்பா வேலைக்காக சர்ச் கொடுத்த வீடு போகும். போர்டு மாட்டிய துணிக்கடைக்காரரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, செயலாளர் நேற்று குடும்பத்தோடு அங்கேதான் துணி எடுத்தார். "பேசாம அழுதுடு, விட்டுருவாங்க" என்கிறார் அப்பா. எனக்கு அழுகை வரவில்லையே, எரிச்சல்தான் வருகிறது. போதகர் கதவைச் சாத்திச் சொன்னதையும் முதலாளி சொன்னதையும் அப்படியே சொல்லிவிட்டு உட்காரப் போகிறேன். அதற்குப் பிறகு இரண்டுமே போகலாம்.

நீ நல்லா இரு கண்ணே, ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. அவசரப்பட்டு லீவு போட்டுவிடாதே, எந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று தெரிந்த பிறகு சொல்கிறேன்.

உன் அம்மா