சோப்பு தடவாத வில்

பாப்பாவோட அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி இப்ப எப்படி இருக்கு? உங்க அக்காவைக் கேட்டதாச் சொல்லு. இங்கே சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுது.

சுத்தம் பண்ணச் சொல்லி என்கிட்ட ஒரு பழைய படம் வந்துச்சு. வழக்கம்போல இரைச்சல், இருமல், நாற்காலி கிறீச்சிடறது எல்லாத்தையும் எடுக்கணும். எந்தப் படம்னு உனக்கே தெரியும். இலவச வயலின் வகுப்புப் பிள்ளைங்க, அந்தப் பெரிய வித்வானுக்குப் பின்னாடி உக்காந்து வாசிக்கிற மாதிரி வருமே, அதுதான்.

அவர் வாசிக்கிறது மட்டும் பதிவாகணும்னு, சத்தம் வராதபடி பிள்ளைங்களோட வில்லுல படக்காரங்க சோப்பு தடவினாங்க. நம்ம பாப்பா மட்டும் ஒளிஞ்சு தப்பிச்சுட்டா. நீ காதைத் திருகினே. "வாசிக்காம எதுக்கும்மா வயலின்?"னு கேட்டா.

மூணாவது வரிசை, ரெட்டைச் சடை. வித்வான் நிறுத்தின பிறகும் ஒரு இழுப்பு கேக்குது, எண்ணெய் காணாத கதவு மாதிரி. அவ சத்தம்னு நம்மகிட்ட வேற எதுவும் இல்லை.

மத்ததை எல்லாம் எடுத்துட்டேன். உன் இருமல்கூட ஒண்ணு இருந்துச்சு, கோவிச்சுக்காதே.

"கடைசியில என்னமோ கீச்சுங்குதே சார்?"னு மேலாளர் கேட்டார். எனக்கு ஒண்ணும் கேக்கலைன்னேன். வயசாயிடுச்சுன்னு நினைச்சிருப்பார். படம் அப்படியே போயிடுச்சு.

நீ பூட்டிட்டுப் போன அவ வயலின் பெட்டி அதே இடத்துலதான் இருக்கு. நான் தொடலை.

அடுத்த மாசம் படத்தைத் தியேட்டர்ல போடறாங்க. ரெண்டு டிக்கெட் வாங்கியிருக்கேன். வந்தேன்னா, வித்வான் வாசிச்சு முடிச்சதும் எழுந்துடாதே. இன்னும் நாலு செகண்ட் இருக்கு.

பாப்பாவோட அப்பா