இருபத்தாறும் முப்பதும்

அண்ணி,

இன்று மதியம் ஏசி தானாகவே ‘பீப்’ என்றது. பழக்கத்தில் உங்கள் கட்டில் பக்கம் திரும்பினேன். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் ஒரு முனகல் வந்திருக்கும்.

முதலில் பிள்ளைகள் செய்தி. நீங்கள் அதைத்தானே முதலில் கேட்பீர்கள். பெரிய பேரன் மறைமலை நகரில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். அவன் பெண்டாட்டி பி.எட். முதல் வகுப்பில் தேறினாள். சின்னவன் மேடவாக்கத்தில் பிளாட் வாங்கிப் பால் காய்ச்சினான். தண்ணீர் லாரியில்தான் வருகிறது, ஆனால் லிப்ட் உண்டு. தீபாவுக்குப் பெங்களூரில் வேலை. நம் தாம்பரம் வீட்டை போனிலேயே ஆட்டி வைத்தாளே, அதே வேலையைப் பெரிய பெரிய கட்டடங்களுக்குச் செய்கிறாளாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி, அண்ணி.

அவள் அந்த வெள்ளைப் பெட்டியை நம் அறைச் சுவரில் ஒட்டிய நாள் ஞாபகம் வருகிறது. சோப்பு டப்பா அளவுதான். அறைச் சூடு இருபத்தாறு டிகிரியைத் தாண்டினால் அது ஏசியைப் போடும், குறைந்தால் நிறுத்தும் என்றாள். எனக்கோ எப்போதும் வேர்த்துக் கொட்டும் உடம்பு. உங்களுக்குப் பங்குனியிலும் குளிரும். இதைப் பெட்டியிடம் யார் சொல்வது?

ஒரே வாரத்தில் நீங்கள் வழி கண்டுபிடித்தீர்கள். ஈரத் துண்டைப் பெட்டிமேல் தொங்கவிட்டால் ஏசி நின்றுவிடும். நீங்கள் கண்ணயர்ந்ததும் நான் துண்டை எடுத்துவிட்டு, சூடான காபி டம்ளரை அதை ஒட்டிப் பிடிப்பேன். தீபா போனில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் ரெண்டு மணிக்கு நம் அறை ஊட்டியாம், ரெண்டே காலுக்கு அடுப்படியாம். மறுநாள் துண்டும் டம்ளருமாக இருவரையும் கையும் களவுமாகப் பிடித்தாள்.

அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள்: “இந்த வூட்ல எனக்குன்னு ஒரு நம்பர் கூட இல்ல. நான் பம்மலுக்கு, சின்னத் தம்பி வூட்டுக்கே போறேன்.”

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், கண்மூடிய பிறகு அந்த அறையில் எனக்குத் துணை உங்கள் மூச்சுச் சத்தம்தான். உடனே தீபாவைக் கூப்பிட்டு, அண்ணி இஷ்டப்படி முப்பதாக்கிவிடு என்றேன். நீங்கள் பையைத் திரும்ப அலமாரியில் வைத்தீர்கள். முதல் நாள் விசிறியும் கையுமாகக் கிடந்தேன். அப்புறம் புழுக்கம் தெரியவில்லை. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன். வந்தவர் போனவரிடமெல்லாம், அண்ணிக்காக நான் வேர்வையில் கிடக்கிறேன் என்று பெருமை பேசினேன். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஆமா, தங்கமான பொண்ணு’ என்று தலையாட்டினீர்கள்.

போன வாரம் தீபாவிடம் போனில், இனி நான் ஒருத்திதானே, பழையபடி இருபத்தாறே வைத்துவிடு என்றேன்.

“அது இருபத்தாறுலதான் பாட்டி இருக்கு. மறுநாளே அத்தைப் பாட்டி மாத்தச் சொல்லிட்டாங்க.”

நீங்கள் சொன்னதை அவள் உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: “அவ விசிறிக்கினே படுத்துகினு கீறா, பாக்க முடியல. மாத்திடு. அவகிட்ட சொல்லாத. எனக்கு விட்டுக்குடுத்தோம்னு சந்தோஷமா இருக்கட்டும்.”

வயசானால் போர்வை கேட்கும் என்று நீங்கள் சொன்னதை நம்பி, ரெண்டாவது போர்வையை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கோபம்தான் முதலில் வந்தது, அண்ணி. அப்புறம் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அழுகை.

இப்போது மதியத்தில் மருமகள் உங்கள் கட்டிலில் படுக்கிறாள். குளிர்கிறதா என்று கேட்கிறேன். இல்லை என்கிறாள். முதல் பதிலை நான் நம்புவதில்லை. எழுந்துபோய் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். இந்தப் பழக்கம் உங்களால் வந்தது. இனிப் போகாது.

சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த உங்கள் படம்; முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். இருபத்தாறுக்கு மாற்றச் சொன்ன அன்று தீபா எடுத்த படம் ஒன்று அவளிடம் இருக்கிறதாம். சித்திரையில் ரெண்டு போர்வை போர்த்தி, வாயில் விரல் வைத்து, சொல்லாதே என்கிறீர்களாம். போனில் அனுப்பாதே, பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். சட்டம் வாங்கி வைத்தாகிவிட்டது.