மிஷினுக்குத் தைத்த பாவாடை

என் வாயாடித் தங்கச்சி வசந்திக்கு,

போன இடத்திலும் யாரையாவது கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படி. உன் கம்ப்யூட்டரை நேற்று திறந்துவிட்டேன்.

தோட்ட ஆபீசுக்குப் புதுசு வந்ததும் ஓரங்கட்டிய மிஷின் அது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் நடையாய் நடந்து, நீ டீச்சராக இருந்த நம் தமிழ்ப்பள்ளிக்குக் கேட்டு வாங்கினாய். வந்த அன்றைக்கே நான் பொட்டு வைத்து, சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை ஓரம் போட்டு உறை தைத்துக் கொடுத்தேன். "அக்கா, மிஷினுக்குப் பாவாடை தைச்சிட்டியே, சடங்கு எப்ப லா?" என்று சிரித்தாய்.

அந்தப் பாவாடைதான் வினையாய்ப் போனது. நீ கண் மூடியதும் தலைமையாசிரியர் மிஷினைத் தன் அறைக்குக் கொண்டுபோய், உறையைப் போட்டுப் பூட்டிவிட்டார். பெரிய ஆட்கள் வந்தால் மட்டும் உறையைத் தூக்கிக் காட்டுவார். பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியாகத் தரிசனம். எட்டு மாதம் நானும் வாய் திறக்கவில்லை. உறை அழுக்காகாமல் இருக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு அதையும் வைத்து மாலை போட்டார்கள். நேற்று விஜயதசமி. பிள்ளைகள் அவரவர் புத்தகத்தை எடுத்துப் படிக்க உட்கார்ந்தார்கள். நான் போய் அந்த உறையில் கை வைத்தேன்.

"என்னம்மா செய்றீங்க? கெட்டுப்போனா யாரு பொறுப்பு?" என்றார் தலைமையாசிரியர்.

"பூஜையில வெச்சதை இன்னிக்கு எடுத்துப் படிக்கணும் சார். அதான முறை?"

"அது புத்தகம் இல்லம்மா."

"அப்புறம் ஏன் சார் பொட்டு?"

"முதல்ல வெச்சதே நீங்கதானே!"

"ஆமா சார். மூடினதும் நான்தான். அதான் நானே திறக்குறேன்."

பூஜைக்கு வந்திருந்த கிராணி இருமுவதுபோல் சிரித்தார். நான் உறையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எதை முதலில் அழுத்த வேண்டும் என்று நீ எழுதிய தாளை என் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். அதை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து அழுத்தினேன். மூன்றாம் வகுப்புக்கு நீ செய்துவைத்த ஏழாம் வாய்ப்பாடு திரையில் வந்தது. "மிஷினைக் காட்டுறதுக்கா வாங்கினோம்? எந்தப் பிள்ளைக்கு எது வரலையோ, அதுக்குத்தான் அக்கா இது" என்பாயே. வகுப்பில் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று வாயே திறக்காத கமலாவை உட்கார வைத்தேன். ஏழு எட்டுக்கு நாலு தடவை தப்பாக அழுத்தினாள். அடுத்த தடவை ஐம்பத்தாறு. திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, இது சிரிக்கவே இல்ல" என்றாள்.

கேட்டதா உனக்கு?

இன்று காலை பார்த்தால், தலைமையாசிரியர் மிஷினை மறுபடி தன் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கோயிலில் நடை திறக்கும்வரை உட்காருகிறவளுக்கு இது என்ன பெரிய காரியமா? கடைசியில் திறந்தார். பெற்றோர் கூட்டத்தில் என்மேல் புகார் சொல்லப் போகிறாராம். சொல்லட்டும். நோட்டில் தனிப் பக்கம் போட்டுவிட்டேன்: யார் உட்கார்ந்தது, எந்த வாய்ப்பாடு வந்தது, எது இன்னும் வரவில்லை. கூட்டத்தில் அதை எழுந்து நின்று படிப்பேன். தூசி படியும் என்றால், துடைக்க எனக்குக் கை இருக்கிறது.

சின்னதுகளுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் பட்டன் எட்டவில்லை. அதனால் அந்த வெல்வெட்டைப் பிரித்து, பஞ்சு அடைத்து, இரண்டு மெத்தை தைத்துவிட்டேன். ஜரிகை கமலாவுக்குக் குத்துகிறதாம். அதையும் நாளைக்குப் பிரித்துவிடுவேன். இனி எந்த மிஷினுக்கும் உறை தைக்க மாட்டேன், அம்மன்மேல் சத்தியம்.

பாவாடை தைத்தவளும் பிரித்தவளுமான,
உன் அக்கா,
புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து.